ஒன்றேமுக்கால் வேகத்தில் ஒரு கொலை

அன்புள்ள சார்,

ஓசூரிலிருந்து எழுதுகிறேன். தினமும் கம்பெனி பஸ்ஸில் எலக்ட்ரானிக் சிட்டி போய்வருகிறேன். ஓடும் பஸ்ஸில் புத்தகம் படித்தால் தலை சுற்றுகிறது. அதனால் இரண்டு மூன்று வருடமாக ஆடியோ புக்தான். அறிவியல் புனைவு, ஃபேன்டஸி, சஸ்பென்ஸ், இந்த மூன்றைத் தவிர எதுவும் கேட்பதில்லை. கேட்டதில் எனக்குத் தோன்றியவற்றைச் சொல்கிறேன். அறிவியல் புனைவு காதுக்கென்றே பிறந்தது. 'புராஜெக்ட் ஹெயில் மேரி'யை யாரும் புத்தகமாகப் படிக்கவே கூடாது, கேட்கத்தான் வேண்டும். ஃபேன்டஸி காதுக்கு ஆகாது. நூறு பெயர் வருகிறது, பார்த்துக்கொள்ள வரைபடம் கிடையாது. 'வீல் ஆஃப் டைம்' முதல் பாகத்திலேயே இறங்கிவிட்டேன். சஸ்பென்ஸ் நாவல்களை 1.75 வேகத்தில்தான் கேட்கிறேன், இல்லாவிட்டால் இழுக்கிறது. தமிழ் ஒலிநூல்கள் செய்தி வாசிப்பது மாதிரி தட்டையாக இருக்கின்றன. பல குரல், பின்னணி இசை என்று நாடகமாகச் செய்தால்தான் எங்கள் வயதுக்காரர்கள் கேட்பார்கள்.

என் கேள்வி இதுதான். "நீ படிக்கவில்லை, கேட்கிறாய், அது கணக்கில் வராது" என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஆர்., ஓசூர்

அன்புள்ள ஆர்.,

கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். கேட்பதும் கணக்கில் வரும். கம்பன் திருவரங்கத்தில் தன் காவியத்தை அரங்கேற்றினான் என்கிறோமே, அங்கே கூடியிருந்தவர்கள் ஆளுக்கொரு பிரதியை மடியில் விரித்து வைத்துக்கொண்டா உட்கார்ந்திருந்தார்கள்? எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிகளுக்கு அல்லி அரசாணி மாலை தெரிந்திருந்தது, யாரோ ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து ராகம் போட்டுப் படித்ததால். சான்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். 2016இல் பெத் ரொகாவ்ஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளரும் சகாக்களும் ஒரே நூலின் பகுதிகளைச் சிலருக்குக் கேட்கக் கொடுத்தார்கள், சிலருக்குத் திரையில் படிக்கக் கொடுத்தார்கள், இன்னும் சிலருக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். உடனே சோதித்தபோதும் சரி, இரண்டு வாரம் கழித்துச் சோதித்தபோதும் சரி, புரிந்துகொண்டதில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. அந்த நண்பர்களிடம் போன வருடம் என்ன படித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள், கேலி நின்றுவிடும்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. அந்த 1.75க்காக.

கொஞ்ச காலமாக ராத்திரி விளக்கை அணைத்த பிறகு நானும் குற்றக் கதைகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாசிப்பவர்கள் மேல் ஓர் எரிச்சல் சேர்ந்துகொண்டே வந்தது. நல்ல குரல், நல்ல உச்சரிப்பு, இருந்தும் ஏதோ உறுத்துகிறது, என்னவென்று பிடிபடவில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று பிடிபட்டது. அதனால் உங்களுக்கு நன்றியும் உண்டு, திட்டும் உண்டு.

திட்டு முதலில். இழுக்கிறதாம்! ஆங்கிலத்தில் ஒலிநூல் வாசிப்பவர் மணிக்குச் சுமார் 9,000 சொல் வாசிக்கிறார். அதை நீங்கள் 16,000 ஆக்கி ஓட்டுகிறீர்கள். வாக்கியங்களுக்கு நடுவே வரும் மௌனத்தை வெட்டிவிடும் வசதி சில செயலிகளில் இருக்கிறது, அதையும் போட்டு வைத்திருப்பீர்கள் என்று சந்தேகிக்கிறேன். உங்கள் கையில் மிஞ்சுவது கதைச்சுருக்கம். அதற்கு எதற்கு சார் நாவல்? விக்கிப்பீடியாவில் நாலு வரியில் கிடைக்குமே.

வெறும் கோபத்தில் சொல்லவில்லை, விளக்குகிறேன். 1935இல் பிரிட்டனில் பார்வையற்றோருக்கான பேசும் புத்தகங்கள் தொடங்கின. முதல் உலகப் போரில் கண்ணிழந்து திரும்பிய சிப்பாய்களை மனதில் வைத்து ஆரம்பித்த வேலை அது. சாதாரண கிராமபோன் தட்டில் ஒரு பக்கத்துக்கு நாலைந்து நிமிடம்தான் பிடிக்கும். அவர்கள் தட்டை மெதுவாகச் சுழலவிட்டு, பக்கத்துக்கு 25 நிமிடப் பேச்சு அடங்கும்படி செய்தார்கள். முதலில் அனுப்பிய நூல்களில் ஒன்று ஜோசப் கான்ராடின் 'டைஃபூன்'. இன்னொன்று அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்'. யார் தேர்ந்தெடுத்தார்களோ, அந்தக் கைக்கு ஒரு கும்பிடு. காதுக்கு வைக்கக்கூடிய ஆகக் கடினமான பரீட்சையை எடுத்த எடுப்பிலேயே வைத்துவிட்டார்கள்.

1926இல் வந்த நாவல். நூறு வருடமாகிவிட்டது, இனி முடிவைச் சொன்னால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள். இன்னும் படிக்காதவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போய்விடுங்கள்.

கதையைச் சொல்பவர் ஊர் டாக்டர். கொலைகாரரும் அவரே. ஆனால் கொலை நடந்த இரவைப் பற்றி அவர் எழுதுவதில் வரிக்கு வரி உண்மை இருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்லாமல் விடுகிறார். அக்ராய்டுக்கு ஒரு கடிதம் வருகிறது, மணி எட்டு நாற்பது என்கிறார். அடுத்த வாக்கியத்தில், தான் கிளம்பியபோது மணி எட்டு ஐம்பது, கடிதம் இன்னும் படிக்கப்படாமலே இருந்தது என்கிறார். கதவுப் பிடியில் கை வைத்தபடி, ஏதாவது செய்யாமல் விட்டோமா என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார். அவ்வளவுதான். அந்த எட்டு நாற்பதுக்கும் எட்டு ஐம்பதுக்கும் நடுவில் ஆளைக் குத்திக் கொன்றாகிவிட்டது. கொலை இருப்பது ஒரு முற்றுப்புள்ளிக்குள்.

இப்போது இதைச் சத்தமாக வாசிப்பவரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு முடிவு தெரியும். அந்த முற்றுப்புள்ளியில் வழக்கத்தைவிட ஒரு மூச்சு கூடுதலாக நின்றால் கேட்பவர் உஷாராகிவிடுவார். உஷாராகக் கூடாதே என்று விரைந்து தாண்டினால் அது திருட்டு, ஆசிரியர் நியாயமாக வைத்திருந்த தடயத்தை இவர் மறைத்ததாகிவிடும். கடிதத்தை வேலைக்காரர் கொண்டுவந்தார் என்ற வரிக்கு எவ்வளவு நின்றாரோ, இதற்கும் அவ்வளவுதான் நிற்க வேண்டும். நீங்கள் அந்த இடத்தை 1.75 வேகத்தில் மௌனத்தை வெட்டிக் கேட்பீர்கள். கொலையையே வெட்டி எடுத்துவிட்டு, கொலைகாரன் யார் என்று காத்திருப்பீர்கள்.

என்னை உறுத்தியதும் இதன் மறுபக்கம்தான். இன்று சஸ்பென்ஸ் வாசிக்கிற பலரின் குரலுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. ஒருவன் சாதாரணமாக ஒரு காபி கோப்பையை மேசையில் வைக்கிறான், குரல் தாழ்ந்து இருண்டுபோகிறது. பத்து அத்தியாயம் கழித்து அந்தக் கோப்பையில் விஷம் என்று சொல்லப்போகிறார்கள். அதை இப்போதே சொல்லிவிட்டாயே ஐயா! வாசிப்பவருக்கு முடிவு தெரிந்திருக்கலாம், தெரிந்துதான் ஆக வேண்டும். அவர் குரலுக்கு, வாசித்துக்கொண்டிருக்கும் வரி வரைக்கும்தான் தெரிய வேண்டும்.

இதை நான் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. என் பெரியப்பா அம்பாசமுத்திரத்தில் கோர்ட் குமாஸ்தாவாக இருந்தவர். ஓய்வு பெறுவதற்கு முன்பே கண் அழுத்த நோயில் பார்வை போய்விட்டது. அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் மாத நாவல். மாலையில் யாராவது உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். வீட்டில் இரண்டு பேர் அந்த வேலைக்கு இருந்தார்கள். ஒருவர் சித்தப்பா. திருநெல்வேலி ஜங்ஷனில் புத்தகத்தை வாங்கி, ரயிலிலேயே முடித்துவிட்டு வருவார். அமெச்சூர் நாடகங்களில் நடித்தவர், கேட்க வேண்டுமா? இன்ஸ்பெக்டருக்கு ஒரு குரல், பணக்கார விதவைக்கு ஒரு குரல், டிரைவருக்கு மெட்ராஸ் பாஷை. தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். நாங்கள் வாய் பிளந்து உட்கார்ந்திருப்போம்.

பெரியப்பா மூன்றாம் பக்கத்திலேயே கையை நீட்டி நிறுத்துவார். "ஏல, நீ முடிவப் படிச்சிட்டுல்லா வந்திருக்கே? அந்தக் கணக்கப்பிள்ளைதானே கொன்னவன்?" சித்தப்பா திகைத்துப்போவார். கணக்கப்பிள்ளை அதுவரை ஒரே ஒரு வாக்கியம்தான் பேசியிருப்பார். "அந்த ஒத்த வரிக்கு எதுக்குல இம்புட்டு மரியாதை?" என்பார் பெரியப்பா.

இன்னொரு ஆள் என் அக்கா. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கதையில் துளி அக்கறை கிடையாது, மறுநாள் கெமிஸ்ட்ரி டெஸ்ட் மேல்தான் கண். யார் பேசினாலும் ஒரே குரல். ஏற்ற இறக்கமே இல்லாமல் கடகடவென்று வாசிப்பாள். பெரியப்பாவுக்கு அவள் வாசித்தால்தான் பிடிக்கும். எங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். சித்தப்பாவுக்கு அவமானமாக இருக்கும். ஒருநாள் அவர் கேட்டேவிட்டார். அதற்குப் பெரியப்பா சொன்னது: "கோர்ட்ல சாட்சி சொன்னத எழுதி, அவனுக்கே திரும்ப வாசிச்சுக் காட்டுவோம். அத யாராது நடிச்சுக் காட்டுவானால? நடிச்சா அது என் சாட்சியாப் போயிருமே."

அக்காவும் மாட்டிக்கொண்ட நேரங்கள் உண்டு. அக்கறை இல்லாமல் வாசித்துக்கொண்டே போகிறவள், ஒரு இடத்தில் தன்னையறியாமல் வேகம் குறைவாள். அவளுக்கும் அடுத்த வரி தெரியாது, அதனால் பயந்திருக்கிறாள். பெரியப்பா அப்போது நாற்காலியில் கொஞ்சம் முன்னால் சாய்வார். வலது பக்கம் கடைசி வரி முடிந்து தாள் புரளும் நேரம் இருக்கிறதே, அதில் மூன்று பேரும் மூச்சு விட மாட்டோம். பிறகு அவர் கையை நீட்டுவார். அக்கா புத்தகத்தைக் கொடுப்பாள். மிச்சமிருக்கிற தாள்களைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துத் தடவிப் பார்ப்பார். "இவ்வளவுதான் இருக்கா? அப்போ புதுசா ஒருத்தன் வர முடியாது. இருக்கிறவன்லதான் ஒருத்தன்" என்பார். கண்ணில்லாதவர் கதையின் நீளத்தை அளந்துகொண்ட விதம் அது. உங்கள் செயலி '1 மணி 12 நிமிடம் மீதம்' என்று எப்போதும் எழுதிக் காட்டிக்கொண்டே இருக்கிறது. கேட்கும்போது போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் உங்களுக்கு இழுக்கிற மாதிரி இருக்கிறது.

வேகத்தை ஒரேயடியாகப் பழிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பார்வையற்ற நண்பர் ஒருவர், வங்கி அதிகாரி, அலுவலக மின்னஞ்சல்களைக் கணினி வாசித்துக் கேட்கும் வேகத்தில் எனக்கு ஒரு எழுத்தும் பிடிபடாது. பழக்கமும் தேவையும் சேர்ந்த வேகம். ஆனால் நாவல் என்றால் அவர் வேகத்தைக் குறைத்து ஒன்றில் வைத்துவிடுகிறார். சுற்றறிக்கையில் ஒளிந்திருப்பது ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரியும்.

சரி, உங்கள் மற்ற அபிப்பிராயங்களுக்கு வருகிறேன்.

'புராஜெக்ட் ஹெயில் மேரி' பற்றி நீங்கள் சொன்னது பாதி சரி. ஆண்டி வெயரின் அந்த நாவலில் வருகிற வேற்றுக்கிரகவாசி இசைச் சுரங்களைச் சேர்த்துப் பேசுகிறான். அச்சில் அதற்கு இசைக் குறி போட்டுக் காட்டியிருப்பார்கள், நாம் கற்பனை செய்துகொள்ள வேண்டும். ஒலிநூலில் அந்தச் சத்தமே வருகிறது. 2022இல் அமெரிக்க ஒலிநூல் துறையின் ஆடி விருதுகளில் ஆண்டின் சிறந்த ஒலிநூல் என்று அதற்குக் கொடுத்ததில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் நீங்கள் அந்தச் சத்தத்தில் மயங்கி, ரே போர்ட்டர் என்ற வாசிப்பாளர் செய்திருக்கும் பெரிய வேலையைக் கவனிக்கவில்லை. கதாநாயகன் தான் யாரென்று தெரியாமல் கண் விழிக்கிறான். பெயர் தெரியாது, எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. முழு நாவலையும் படித்து முடித்த ஒரு மனிதர் ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து, அந்த முதல் அத்தியாயத்தை ஒன்றும் தெரியாதவராக வாசிக்கிறார். எனக்கு அதுதான் அதிசயம்.

இதைவிடக் கடினமான வேலை கில்லியன் ஃபிளினின் 'கான் கேர்ள்' ஒலிநூலில் இருக்கிறது. கணவன் பகுதிக்கு ஒருவர், மனைவி பகுதிக்கு ஜூலியா வீலன். முதல் பாதியில் வருகிற மனைவியின் நாட்குறிப்பு ஜோடனை என்பது பாதிக்கு மேல்தான் தெரியும். அதை வாசிக்கும் குரல் அதை நம்பியாக வேண்டும். இம்மியளவு நக்கல் தொனித்தாலும் போச்சு. (இதற்கும் முடிவைச் சொல்லிவிட்டேன். பழகிவிட்டது.)

ஃபேன்டஸி காதுக்கு ஆகாது என்பதை நான் ஏற்கவில்லை, நீண்ட விவாதமும் வேண்டாம். வந்தியத்தேவன், பெரிய பழுவேட்டரையர், சின்னப் பழுவேட்டரையர், அநிருத்தப் பிரமராயர், ஆழ்வார்க்கடியான் என்று ஐந்து பாகத்துக்குப் பெயர்களை வைத்துக்கொண்டு, வாராவாரம் யாரோ வாசிக்கக் குடும்பமே கேட்ட ஊர் இது. 'வீல் ஆஃப் டைம்' ஆங்கில ஒலிநூலில் ஆண்களின் பார்வையில் வரும் பகுதிகளை மைக்கேல் கிராமரும் பெண்களின் பார்வையில் வருபவற்றை கேட் ரீடிங்கும் வாசிக்கிறார்கள். நிஜ வாழ்க்கையில் கணவன் மனைவி. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் யார் தலைக்குள் இருக்கிறோம் என்பதை அந்த இரண்டு குரலே சொல்லிக்கொண்டு போயிருக்கும். வரைபடம் வேண்டுமென்றால் இணையத்தில் கிடைக்கிறது, போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

பல குரல் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' வாசித்த ராய் டாட்ரீஸ் ஒற்றை ஆளாக 224 பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்து கின்னஸில் ஏறினார். பிறகு ஐந்தாம் பாகத்துக்கு வந்தபோது, பழைய ஆட்கள் சிலருக்குக் குரல் மாறிவிட்டது என்று ரசிகர்கள் புலம்பினார்கள். குரலால் ஆளை அடையாளம் வைத்தால், அந்த அடையாளத்தைக் கடைசி வரை காப்பாற்ற வேண்டியிருக்கும். பல நடிகர்களை வைத்துச் செய்ததில் எனக்கு மறுபேச்சில்லாமல் பிடித்தது மேக்ஸ் புரூக்ஸின் 'வேர்ல்ட் வார் இசட்'. காரணம் எளிது. அந்த நாவலே, பேரழிவில் பிழைத்தவர்களைத் தேடிப் போய் எடுத்த பேட்டிகளாக எழுதப்பட்டது. ஆளுக்கொரு சாட்சி, ஆளுக்கொரு குரல். பெரியப்பாகூட ஒப்புக்கொண்டிருப்பார்.

தமிழ் ஒலிநூல்கள் செய்தி வாசிப்பது மாதிரி இருக்கின்றன என்கிறீர்கள். அப்படி இருந்தால் நான் சந்தோஷப்படுவேன்! 1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் அமெரிக்க வானொலியில் ஒரு நாடகத்தில் செவ்வாய்க்கிரகவாசிகளை இறக்கியது எப்படி? நடன இசை ஓடிக்கொண்டிருக்கும். இடையில் செய்தி. மறுபடி இசை. மறுபடி செய்தி. நிருபராக நடித்தவர், அதற்கு முந்தைய வருடம் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் எரிந்து விழுந்ததைக் களத்திலிருந்து சொன்ன வானொலி நிருபரின் ஒலிப்பதிவைப் போட்டுப் போட்டுக் கேட்டுவிட்டு வந்தவர். அவர் பேச்சு பாதியில் அறுந்துபோகும். சில நொடி ஒரு சத்தமும் இருக்காது. நாடு முழுக்கப் பீதி என்று மறுநாள் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கின என்பது வேறு கதை. ஆனால் நம்பியவர்கள் நம்பியது அந்தத் தட்டையான செய்திக் குரலை. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள், ஆகாசவாணியில் சரோஜ் நாராயணசுவாமி வாசித்தால் சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நிற்கும்.

நம் ஒலிநூல்களில் நான் காண்கிற கோளாறு வேறு. வாசிப்பவர் அந்த வாக்கியத்தை முன்கூட்டி ஒருமுறைகூடப் படித்துப் பார்க்கவில்லை என்பது காதில் விழுகிறது. 'அவன் கொன்ற நண்பனின் தம்பி' என்று வந்தால் 'அவன் கொன்ற' என்பதோடு மூச்சு வாங்கிக்கொண்டு 'நண்பனின் தம்பி' என்கிறார்கள். செத்தது அண்ணனா தம்பியா என்பதே மாறிப்போகிறது. துப்பறியும் கதையில் இது சின்ன விஷயமா? கதை சொல்லும் உரைநடையையும் பாத்திரங்கள் பேசும் பேச்சையும் ஒரே மேடைத் தமிழில் முழங்குகிறார்கள். இதையெல்லாம் மூடி மறைக்க மேலே இடி, நரி ஊளை, எதிரொலி. நீங்கள் கேட்கிற பின்னணி இசை இதைத்தான் இன்னும் கூட்டும். பெண் பாத்திரம் என்றால் கீச்சுக் குரல் எடுக்கிற ஆண்களைப் பற்றி நான் எதுவும் சொல்வதாக இல்லை.

அடுத்து எதைக் கேட்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். 'ரோஜர் அக்ராய்ட்' கேளுங்கள். முடிவைக் கெடுத்துவிட்டேன் என்று கோபம் வேண்டாம். முடிவு தெரிந்தவர்தான் இந்த வேலைக்குத் தோது. வேகத்தை ஒன்றில் வைத்து, மௌனம் வெட்டும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். டாக்டர் அக்ராய்டின் அறையை விட்டுக் கிளம்புகிற இடம் ஆரம்ப அத்தியாயங்களிலேயே வந்துவிடும். எட்டு நாற்பதுக்கும் எட்டு ஐம்பதுக்கும் நடுவே வாசிப்பவர் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். பலர் வாசித்த பதிப்புகள் இருக்கின்றன, யார் வாசித்தது என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.